வண்டிய எங்கடா நிறுத்தியிருக்க?

அர்த்தஜாமத்துக்கு மணி அடித்து ஓய்ந்த பிறகும் அந்த ரீங்காரம் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். கீழ வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தால், கடைசி அடிக்குப் பிறகு ஓசை மெலிந்து மெலிந்து, இருக்கிறதா போய்விட்டதா என்று காதே தடுமாறுகிற இடம்வரை கேட்கலாம். சிதம்பரத்துக்குத் திரும்பி வந்து ஏழு வருஷமாகிறது. மணி நின்று ரீங்காரம் மட்டும் மிஞ்சும் அந்த நொடியில், கும்பிடுவதற்கு முன்பே என் வலது கை மடியைத் துழாவும். சாவிக்காக.

சின்னச் சாவி. டிரங்குப் பெட்டிச் சாவி போல மெல்லியது. செஸ்னா விமானத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பதில்லை. சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் எரிபொருள் அறுந்து, விசிறி ஓரிரு முறை தடுமாறி நின்றுவிடும். அப்புறம்தான் சாவியைத் திருப்பி எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன். மாஸ்டர் சுவிட்சை அணைத்ததும் ரேடியோவும் அடங்கும். அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு சத்தம் மேலே வரும். முகப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கிற கைரோக்கள், எஞ்சின் ஓடியவரை உறிஞ்சுகாற்றில் சுழன்றவை, இனிச் சுழற்ற யாருமில்லாவிட்டாலும் பம்பரம் போலத் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு மூச்சு, பிறகு மூச்சின் நினைவு. சூடான எஞ்சின் ஆற ஆற எங்கோ தகடு சுருங்கி டிக், டிக் என்னும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இறங்காமல், அது முழுக்க அடங்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

பத்தொன்பது வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். கடைசித் தடவை எழுந்தபோது இதுதான் கடைசி என்று தெரியும். தெரிந்தும் வழக்கத்தைவிட ஒரு நிமிஷம்கூட அதிகமாக உட்காரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சொந்தமாக விமானம் வைத்திருந்தேன் என்று இங்கே யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் எல்லோர் மனசிலும் தொழிலதிபர் ஒருவரின் ஜெட்தான் வந்து நிற்கும். என்னுடையது 1975இல் செய்த செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம், ஒரே எஞ்சின், நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன். வெள்ளை உடம்பில் பழுப்புக் கோடு. அந்த ரகத்தை 1956 முதல் இன்றுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை பிறந்ததில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்தில் எனக்கு வேலை. 1996இல் லைசென்ஸ் வாங்கினேன். 1999இல் ஆபீஸ் நண்பர் ஒருவரும் நானுமாகப் பாதிப் பாதி போட்டு அதை வாங்கினோம். என் பாதிக்கு ஆன பணத்தில் அங்கே ஒரு புதுக் கார் வாங்கியிருக்கலாம். நான் பழைய காரையே ஓட்டினேன்.

அம்மா அதை விமானம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடலூர் ஓல்டு டவுன் (ஓ.டி.) வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம், “உன் வண்டி எப்படிடா இருக்கு?” என்பாள். மாட்டு வண்டியோ மொபெட்டோ, அவளுக்கு எல்லாம் வண்டி. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையில் அது அப்படித்தான் இருந்தது. தினமும் கண் பார்த்துக் கை தொட்டால்தான் ஓடும்.

சனிக்கிழமை விடியற்காலை. நகரத்துக்குக் கிழக்கே, சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுதளம். டவர் கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஹாங்கர் கதவு தண்டவாளத்தில் கரகரவென்று நகரும். உள்ளேயிருந்து பெட்ரோலும் பழைய ஆயிலும் சோளத் தூசியும் கலந்த வாசனை முகத்தில் மோதும். முதல் வேலை, கையில் ஒரு கண்ணாடிக் குழல் போன்ற பிளாஸ்டிக் கப்பை எடுத்துக்கொண்டு இறக்கைக்குக் கீழே குனிவது. டேங்கின் அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். கப்பின் நடுவே நிற்கும் குச்சியால் அதை மேலே தள்ளினால் பெட்ரோல் சுரீரென்று இறங்கும், சில்லென்று விரலில் வழியும். விமானப் பெட்ரோல் நீல நிறம். வேறு எண்ணெயோடு குழம்பிப்போகாமல் இருக்கச் சாயம் போட்டிருப்பார்கள். ராத்திரிப் பனியில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது கனம், அடியில் தங்கும். நீலத்துக்குக் கீழே நிறமில்லாத ஒரு முத்து உருளும். கப்பை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அந்த முத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஊற்றிவிட்டு மறுபடி, அது இல்லாமல் போகும்வரை மறுபடி.

அந்தக் கப் மட்டும் என்னோடு வந்துவிட்டது. பெட்டியில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. முதல் வருஷம் மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை இருந்தது. இப்போது பாச்சை உருண்டை வாசனைதான் வருகிறது.

பிறகு ஆயில் குச்சி, டயர், இறக்கைக் கீல்கள். கடைசியாக விசிறியின் முன் விளிம்பில் மேலிருந்து கீழே கட்டைவிரலை ஓட்டுவேன். ஒரு சரளைக்கல் தெறித்து அரிசி முனையளவு வெட்டு விழுந்திருந்தால்கூடக் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். ஓடுபாதை முனையில் நின்று எஞ்சினை 1700 சுற்றுக்கு ஏற்றிச் சாவியை இரண்டு படி பின்னால் திருப்பி மீட்டு, பிறகு ஒரு படி பின்னால் திருப்பி மீட்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது வீடு சேர்க்கும். ஒன்றை அணைத்ததும் சுற்று நூறுக்குப் பக்கம் குறையும். முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. தம்புராவில் ஒரு தந்தி லேசாகத் தளர்ந்த மாதிரி சுருதி இறங்கும், திரும்ப ஏறும். இன்று என் வீட்டில் கார் நிற்கிறது. நல்ல கார், பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது, எஞ்சின் ஓடுகிறதா என்றுகூடத் தெரியாது. அதனிடமிருந்து எனக்கு ஒரு சேதியும் வருவதில்லை.

இப்போது சொல்லப்போவது ஒரு குரலைப் பற்றி.

பன்னிரண்டு மாசத்துக்கு ஒருமுறை ஆண்டுப் பரிசோதனை செய்தாக வேண்டும். இல்லையென்றால் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. எங்களுடையது பிப்ரவரி. வெளியே பனி. ஹாங்கருக்குள் ஒரு கெரசின் ஹீட்டர் உறுமிக்கொண்டிருக்கும். எங்கள் மெக்கானிக் எழுபதை நெருங்கியவர், பக்கத்தில் பண்ணை வைத்திருந்தார், வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் பழுதுபார்த்தவர். சீட்டுகளைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி, இறக்கைக்கு அடியில் இருக்கும் தகட்டு மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வண்டியை எலும்பும் நரம்புமாக நிறுத்திவிடுவார். ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது, சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பது போன்ற வேலைகளைச் சொந்தக்காரனே செய்ய அங்கே சட்டம் அனுமதிக்கிறது. அதையெல்லாம் எனக்கு விட்டுவிடுவார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து, முப்பது வருஷம் கம்ப்யூட்டர் திரையில் இயந்திரம் வரைந்தவன் நான். ஒரு நட்டை எவ்வளவு முறுக்கினால் போதும் என்று கைக்குப் படிந்தது அவரிடத்தில்தான். கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, காகித மடிப்புகளைப் புடவை மடிப்பு போல விரித்து, விளக்கடியில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று இருவரும் தலை முட்டத் தேடுவோம்.

அதன்பின் கம்ப்ரஷன் சோதனை. பிளக் துவாரம் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதை இன்னொரு முள் காட்டும். காற்று உள்ளே போனதும் விசிறி உதைத்துச் சுழலப் பார்க்கும்; அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது என் வேலை. அவர் முள்ளைப் பார்த்துப் படிப்பார். அட்டைப் பெட்டியைக் கிழித்த துண்டில் எழுதிக்கொள்வோம்.

“ஒண்ணு, எழுபத்தாறு.”

“ரெண்டு, எழுபத்தஞ்சு.”

ராகமில்லாத, அவசரமில்லாத, கொஞ்சம் கரகரத்த குரல். ரிசல்ட் வாசிக்கும் வாத்தியார் முன் நிற்பதுபோல நான் நிற்பேன்.

2012 பிப்ரவரியில் மூன்றாவது சிலிண்டருக்கு வந்ததும் குரல் நின்றது. “மூணு, அறுபத்திரெண்டு.” விசிறியைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டு, “கீழ போய்ப் புகைக்குழாயில காத வை” என்றார். சிமென்ட் தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வரும் அந்த மெல்லிய சீறல். “கேக்குதா?” கேட்டது. “எக்ஸாஸ்ட் வால்வு” என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வாயத் திறந்து சொல்லுதில்ல, பயப்படாத. சொல்லாம வச்சிக்கிறதுதான் ஆள விழுத்தும்.”

சிலிண்டரைக் கழற்றிச் சரிசெய்ய அனுப்பி, மூன்று வாரத்தில் அது திரும்பி வந்தது. அவர் சொன்னது என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் அதற்கு ஆறு வாரம் முன்புதான், 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூரைத் தொட்டுக்கொண்டு கரையேறியது. வானிலைப் படம் பார்க்கத் தெரிந்தவன் நான். அந்தச் சுழல் வங்கக்கடலில் எங்கள் ஊரை நோக்கி நகர்வதை டேட்டனில் உட்கார்ந்து மணிக்கு மணி பார்த்தேன். ஹாங்கரில் டேங்க் நிறையப் பெட்ரோலோடு ஒரு விமானம் நிற்கிறது. எந்தத் திசையிலும் 400 மைல் போகலாம். போக வேண்டிய இடம் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. நாலு நாள் போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அம்மா, “கொஞ்சம் காத்துடா, அவ்வளவுதான். நான் நல்லா இருக்கேன்” என்றாள். பின்கட்டு ஓடு முழுக்கப் பறந்துபோயிருந்ததும், இருட்டில் விழுந்து மணிக்கட்டு பிசகியிருந்ததும், ஒரு மாசம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். புகைக்குழாயில் வைத்த காதை அவளிடம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தரையிலேயே எனக்குத் தோன்றியது. ஆனாலும் திரும்ப இன்னும் ஆறு வருஷம் எடுத்துக்கொண்டேன். மனிதர்கள் நாம் அப்படித்தான் தள்ளிப்போடுகிறோம், நீங்களும் அறிவீர்கள்.

அம்மா அந்த வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறாள். 2003 ஜூலையில். வலப்பக்க சீட்டில் சுங்குடிப் புடவையோடு, கொண்டைக்கு மேல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு. பயப்படுவாள் என்று நினைத்தேன். எழும்பியதும் சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கீழேயே பார்த்தாள். சோளமும் சோயாவுமாகக் கட்டம் கட்டமாக வயல். ஹெட்செட்டில் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, “இங்கேருந்து நம்ம ஊரு எந்தப் பக்கம்டா?” என்றாள்.

கிழக்கே கை காட்டினேன். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி ஏனோ மனம் கேட்காமல், மகளின் உலக உருண்டையை எடுத்து டேட்டனிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். குறுக்கு வழி கிழக்கே போகவில்லை. கிட்டத்தட்ட வடக்கே, வடக்கிலிருந்து 20 டிகிரிதான் சாய்வு, துருவத்தின் பக்கமாக ஏறி அந்தப் புறம் இறங்குகிறது. அம்மாவுக்குத் தப்பான திசையைக் காட்டியிருக்கிறேன். அதன்பிறகு தனியாகப் பறக்கும் நாட்களில், ஊர் ஞாபகம் வந்தால், விமானத்தின் மூக்கைக் கொஞ்ச நேரம் 020இல் வைத்துக்கொள்வேன். கீழே அதே சோளக்கொல்லை. ஆனாலும்...

தூரப் பயணங்களில் கூட வந்தவை குரல்கள்தான். புறப்பட்டு மேலேறியதும் ரேடார்காரரைக் கூப்பிட்டு, இன்ன விமானம், இன்ன ஊருக்குப் போகிறேன், கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். இருட்டறையில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் திரையில் என் புள்ளியைத் தேடிப் பிடித்து, “கண்டுகொண்டேன்” என்பார். ஐம்பது அறுபது மைல் வரை அவர் துணை. எல்லை வந்ததும் அடுத்தவரின் அலைவரிசையைச் சொல்லி ஒப்படைப்பார். கைக்குழந்தையை வரிசையாகக் கைமாற்றி விடுவதுபோல. இண்டியானாபோலிஸ், சிகாகோ, மில்வாக்கி. ஊர் நெருங்கியதும் கடைசிக் குரல், “ரேடார் சேவை முடிந்தது, நல்லபடியாக இறங்குங்கள்” என்று விடைகொடுக்கும். முகமே பார்க்காத எத்தனை பேர் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்! இப்போது சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே பெரிய விமானத்தில் சன்னல் சீட்டு வாங்கிப் போகிறேன். குளிர்காற்று, சமோசா, நேரத்துக்கு இறங்குதல், எல்லாம் இருக்கிறது. அந்தக் குரல்கள் மூடிய கதவுக்கு அந்தப் புறம்.

ஆஷ்காஷ் என்ற பெயரை விமானப் பித்துள்ளவர்கள் அறிவார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில், ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் அங்கே கூடுகிற கூட்டத்துக்குப் பத்தாயிரம் விமானங்கள் வந்து சேரும். நமக்கு மார்கழித் திருவாதிரை எப்படியோ அப்படி. ரிப்பன் என்ற சின்ன ஊரின் மேல் எல்லோரும் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரு ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவனுக்கு அரை மைல் பின்னால், 1,800 அடி உயரத்தில் 90 நாட் வேகத்தில் வரிசையாகப் போக வேண்டும். ஃபிஸ்க் என்ற இடத்தில் ஒரு மேட்டில் கண்ட்ரோலர்கள் பைனாகுலரோடு நிற்பார்கள். நாம் பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். “பழுப்புக் கோடு செஸ்னா, இறக்கையை ஆட்டு.” ஆட்டுவேன். “அழகா ஆட்டினே. வா, பச்சைப் புள்ளியில் இறங்கு.” ஓடுபாதையில் வட்ட வட்டமாக வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கும், ஒரே பாதையில் ஒரே சமயத்தில் இருவர் மூவர் அவரவர் புள்ளியில் இறங்குவோம். ராத்திரி இறக்கைக்கு அடியில் கூடாரம் போட்டுப் படுத்தால், இறக்கை அலுமினியத்திலிருந்து பனி சொட்டுச் சொட்டாகத் துணிமேல் விழும். அந்தச் சொட்டுச் சத்தம்...

2018இல் நண்பருக்கு இருதயக் கோளாறு வந்து மருத்துவத் தகுதி போயிற்று. அதே கோடையில் அம்மாவுக்குத் தனியாக இருக்க முடியாது என்றாகிவிட்டது. கென்டக்கியிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து பார்த்தார்கள். அந்தப் பெண்தான் விமானி. சொல்லிக்கொடுக்காமலே அவள் விசிறி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். அப்போதே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சாவியைக் கொடுத்தேன். லாக் புத்தகங்களையும் கொடுத்தேன், அவை வண்டியோடு போக வேண்டியவை. ஒவ்வொரு பிப்ரவரியும் எங்கள் மெக்கானிக் பெரிய எழுத்துகளில், பரிசோதித்தேன், பறக்கத் தகுதியாயிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்ட வரிகள் அந்தப் புத்தகத்தோடு போய்விட்டன. ஒரு பக்கத்தையாவது படம் பிடித்து வைத்திருக்கலாம். 2021இல் அவர் இறந்த செய்தி வந்தபோது அவர் கையெழுத்துக்காக வீடெல்லாம் தேடினேன். இல்லை.

வண்டி எழும்பித் தெற்கே திரும்பியது. புள்ளியானது. புள்ளி போன பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது.

இங்கே பறக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே நெய்வேலியில் என்.எல்.சி. கட்டிய ஓடுதளம் இருக்கிறது. ஒரு காலத்தில் வாயுதூத் விமானம் சென்னையிலிருந்து வந்து போனது. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் அதன் பெயர் வந்தபோது நான் பத்திரிகைத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டேன். விமானம் வரக் காணோம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுபாதை வெயிலில் கிடக்கிறது. இந்த வகை எஞ்சின் குடிக்கும் நீலப் பெட்ரோலையே 2022இல்தான் இந்தியன் ஆயில் நம் நாட்டில் உற்பத்தி செய்து வெளியிட்டது. அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்தது. சின்ன விமானம் ஒன்று இங்கே புறப்பட வேண்டுமென்றால் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். நாட்டின் எல்லைகளை நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, வானத்தைப் பார்த்து, போகலாம் என்று தோன்றிக் கதவைத் தள்ளும் அந்த வாழ்க்கைக்கு இங்கே இடமில்லை. எனக்கு 67 வயது. டாட்டா அஞ்சல் விமானத்தின் ஐம்பதாம் ஆண்டில், 1982 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாட்டா தன் 78ஆம் வயதில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு பழைய லெப்பர்டு மாத் விமானத்தைத் தானே ஓட்டி வந்தார். அப்போது எடுத்த படத்தை என் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறேன்.

டேட்டனில் ஹஃப்மன் பிரெய்ரி என்ற புல்வெளி உண்டு. ரைட் சகோதரர்கள் பறப்பதை நிஜமாகக் கற்றுக்கொண்டது அங்கேதான். 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் ரைட் அந்தப் புல்வெளியை வளைய வளையச் சுற்றி, 39 நிமிஷத்தில் 24 மைல் பறந்தார். அந்த இடத்தில் மத்தியான வேளைகளில் போய் நின்றிருக்கிறேன். ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் அளந்து பார்த்தேன்: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் கோபுரத்துக்குக் காக்கை பறக்கும் வழி கிட்டத்தட்ட அதே 24 மைல். என் செஸ்னாவுக்குப் பதின்மூன்று நிமிஷம்.

அந்தப் பதின்மூன்று நிமிஷத்தை நான் பறந்ததில்லை. ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் அயலூர் வயல்களைப் பார்த்த கண், பிறந்த மண்ணை மேலிருந்து ஒருமுறையும் பார்த்ததில்லை. மனசில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கெடிலம் தாண்டியதும் இடது இறக்கைக்கடியில் தேவனாம்பட்டினம் கோட்டை இடிபாடு, உப்பனாறு, பழைய துறைமுகம். சிப்காட் புகைபோக்கிகளைப் பார்த்துக் காற்றை அறிந்துகொள்ளலாம். பிறகு ரிப்பனில் போலத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஆலப்பாக்கம், வலப்பக்கம் பெருமாள் ஏரி, புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் விழும் முகம், கிள்ளை. இடப்பக்கம் பிச்சாவரம், நரம்பு நரம்பாய் நீர் ஓடும் பச்சை. நேர் முன்னே நான்கு கோபுரம். அண்ணன் மகன் கம்ப்யூட்டரில் பறக்கும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் இதே வழியில் போனேன். நதியெல்லாம் சரியாக இருந்தது. கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைத் தரை. சீட்டு அதிரவில்லை, கையில் கனமில்லை, பெட்ரோல் வாசனை இல்லை. அணைத்தேன், உடனே எல்லாம் நின்றுவிட்டது.

அம்மாவுக்கு வயது தொண்ணூறு. இப்போது என்னோடு சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் உடம்பு சொல்வதைத் தினமும் கேட்க முடிகிறது. அதற்காகத்தான் வந்தேன், வந்ததில் எனக்குக் குறையில்லை. ஞாபகம் மட்டும் ஓரம் ஓரமாகக் கழன்று விழுகிறது. பேத்தி பெயர் வருவதில்லை. ஓ.டி. வீட்டை விற்றது தெரியாது. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தால், கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுப்பாள்:

“வண்டிய எங்கடா நிறுத்தியிருக்க?”

“ஹாங்கர்லதாம்மா.”

“கதவு சாத்தினியா?”

“சாத்திட்டேம்மா.”

போன வாரம் ஒரு வேலையாகக் கடலூர் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். துறைமுகம் ஜங்ஷனில் ஏறினேன், சன்னலோரம் இடம் கிடைத்தது. பையில் என் பழைய பைலட் லாக் புத்தகம் இருந்தது; அது வண்டியோடு போகாதது, என்னுடையது. அதை ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதீர்கள். கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்ட பக்கம் காலியாகக் கிடக்கிறது. ஆலப்பாக்கம் வந்தபோது நேரத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். புதுச்சத்திரம். பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறிச் சத்தம் மாறியது. பாலம் தாண்டினால் இறால் குட்டைகள்.

ஆகாயத்திலிருந்து காற்றின் திசை பார்க்கக் குட்டை போதும். காற்று வரும் பக்கத்துக் கரையோரம் மட்டும் தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் இருக்கும். மற்ற இடமெல்லாம் சுருக்கம் விழுந்திருக்கும். எட்டிப் பார்த்தேன். வடகிழக்குக் கரைகள் பளபளத்தன. எட்டு நாட் இருக்கும். இறங்குவதானால் மேற்கே சுற்றி வந்து, காற்றுக்கு முகம் கொடுத்து, கடல் பக்கமாகப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.